கூரையைக் கழற்றியவர்

என் சித்தப்பாவைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒரே ஒரு கதைதான் புழக்கத்தில் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் ஆசையில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டின் கூரையை வீட்டு வாசலில் வைத்தே ரம்பத்தால் அறுத்தார். கூரை போனதும் வண்டி பலம் இழந்தது. சென்னை கத்திப்பாராவில் திரும்பும்போது முன் சக்கரம் மடிந்து நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டது. கல்யாண வீடோ கருமாதியோ, அத்தை இதைச் சொல்லாமல் இலையிலிருந்து எழுந்ததில்லை. "தங்கமான வண்டிடா. அறுத்தே கெடுத்தான்." சித்தப்பா கடைசிவரை இதற்குப் பதில் பேசியதில்லை. அவர் காலமான பிறகு, கூரையில்லாத அந்த வண்டி என் ஷெட்டுக்கு வந்தது.

அதை ஓட்டும் நிலைக்குக் கொண்டுவருவதுதான் என் வேலையாக இருந்தது. முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பில் படிந்திருந்த பழைய பேஸ்ட்டைச் சுரண்டியபோது அந்தக் கதை எனக்கு முதன்முதலாக இடித்தது. வரிசையாக போல்ட் துளைகள். துளைகளின் உள்சுற்றில் கம்பெனி பெயிண்ட். பின்பக்கம் டிக்கி மேல்தளத்திலும் அப்படியே. விரலால் தடவிக்கொண்டே சுற்றிவந்தேன். ரம்பம் பட்ட விளிம்பு ஒன்றுகூட இல்லை.

கழற்றக்கூடிய கூரையோடு ஒரு கம்பெனி ஏன் குடும்ப கார் செய்தது? அதற்கு இங்கிலாந்தின் கவென்ட்ரி வரை போக வேண்டும். ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் கம்பெனிக்கு கார் உடல்கள் செய்துகொடுத்து வந்தது ஃபிஷர் அண்ட் லட்லோ. 1953-இல் அதைப் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. உடலும் சேஸிஸும் ஒன்றாக இணைந்த நவீன கார் செய்ய வழி அடைபட்ட ட்ரையம்ப், பழைய முறைக்கே திரும்பியது. தனி சேஸிஸ், அதன் மேல் பல பட்டறைகளிலிருந்து வரும் துண்டுகளை போல்ட் போட்டுச் சேர்ப்பது. இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி அதற்கு உருவம் கொடுத்தார். 1959-இல் ட்ரையம்ப் ஹெரால்டு வந்தது. பானெட்டும் மட்கார்டுகளும் சேர்ந்து முன்பக்கமாகத் திறக்கும். உடலே முன்பாதி, பின்பாதி என இரண்டாகப் பிரியும். கூரை, அந்த அடுக்கில் இன்னொரு துண்டு. துண்டு துண்டாகக் கப்பலில் அனுப்பவும் இந்த முறை வசதி. 1961 முதல் நம் வண்டலூர் பக்கத்து ஆலையில் அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது.

கூரையைக் கண்டுபிடித்துவிட்டால் அத்தையின் முன் ஆதாரமாக வைக்கலாம் என்று, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் இறங்கினேன். ஹெரால்டு கதவு கிடைத்தது, ஹெட்லைட் வளையம் கிடைத்தது, கூரை கிடைக்கவில்லை. ஆர்சி புத்தகத்தில் 'சலூன்' என்றுதான் இருந்தது. ஆலையின் பழைய கணக்குகளைக் கேட்கலாம் என்றால் ஆலையே மூடப்பட்டு காலம் ஆகிவிட்டது. கடைசியில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைக்காரர் ஒருவர், அந்நாளில் ஹெரால்டு மட்டுமே பார்த்த ஒரு மேஸ்திரியின் வீட்டைக் காட்டிவிட்டார்.

பெரியவர் எண்பதைத் தாண்டியவர். நான் கூரையைப் பற்றிக் கேட்டேன். அவர் கேட்டது வேறு.

"சக்கரம் எந்தப் பக்கம் மடிஞ்சது?"

"இடது பக்கம்னு சொல்லுவாங்க ஐயா. கூரையைக் கழட்டினதாலதானே..."

"கூரையை விடு தம்பி. வலது பக்கத்தைப் பிரிச்சியா?"

பிரிக்கவில்லை என்றேன். பேச்சு முடிந்துவிட்டது. அடுத்த முறை போனபோது கூரைத் துளைகளின் போட்டோக்களைக் கொண்டுபோனேன். கையில் வாங்கவே மறுத்தார். "கீழே எண்ணெய் விட்டானா, கிரீஸ் அடிச்சானா? அதைப் பார்த்துட்டு வா." அதற்கப்புறம் போனபோதும் இதே கேள்விதான். டீ வாங்கிக்கொடுத்தார், மகளின் கல்யாணக் கதை சொன்னார், கூரையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. எரிச்சலோடுதான் வீட்டுக்கு வந்து வலது பக்கத்தை ஜாக்கியில் தூக்கினேன்.

ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து எஃகுத் துண்டின் அடிமுனையில் மரை இருக்கும். அந்த மரை, ட்ரன்னியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் ஏறி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எஃகு மரை வெண்கல மரைக்குள் திரும்புகிறது. ஒரு பக்கத்துக்கு வலது மரை, மறுபக்கத்துக்கு இடது மரை. மாற்றிப் போட முடியாது. இதற்குக் கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும் என்பது கம்பெனியின் கட்டளை. ஆனால் வண்டியில் மற்ற இடங்களுக்கு கிரீஸ் கன் பிடிக்கிறவர் இங்கேயும் அதையே பிடித்துவிடுவார். கிரீஸ் மரையின் ஆழத்துக்குப் போய்ச் சேராது. காய்ந்து அடைத்துக்கொள்ளும். மழைத்தண்ணீர் உள்ளே தங்கி எஃகு துருப்பிடிக்கும், திருப்பம் இறுகும். ஒருநாள் மெதுவாகத் திரும்பும் இடத்தில் எஃகு முறிந்து சக்கரம் மடியும்.

என் வண்டியின் வலது பக்கத்தைப் பிரித்தபோது, மரையின் இடுக்குகளில் காய்ந்த கிரீஸ் பழைய சோப்பைப் போலக் கெட்டிப்பட்டிருந்தது. குத்தூசியால் பெயர்த்து எடுக்க வேண்டியிருந்தது. அதற்கடியில் சிவப்புத் துரு. கத்திப்பாராவில் இடது பக்கம் ஏன் முறிந்தது என்பதற்கு இதைவிட நெருங்கிய சாட்சி கிடைக்காது. கூரைக்கும் அந்தச் சக்கரத்துக்கும் சம்பந்தமில்லை.

அந்த நிமிடத்தில் என் தேடல் திசை மாறிவிட்டது. அத்தைக்குப் பதில் சொல்வதைவிட, சித்தப்பா இந்த வண்டியில் வேறென்ன செய்திருக்கிறார் என்பதைப் பார்க்கும் ஆசை பிடித்துக்கொண்டது. பின்பக்கத்தைத் தூக்கினேன். ஹெரால்டின் பின்னால் கமான் பட்டை குறுக்காக, டிஃபரன்ஷியலின் தலைமேல் இருக்கும். வேகமாக வளையும்போது திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால், பின் சக்கரம் உள்ளே மடங்கி வண்டி எகிறும் குணம் இதற்கு உண்டு. என் வண்டியில் பட்டைக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவே ஒரு எஃகுக் கட்டை இருந்தது. அரத்தால் கையில் ராவிய விளிம்புகள். அதற்கேற்ப நீளமான ஸ்டட்கள். பட்டை மேலே ஏற, வண்டியின் பின்பகுதி தாழும். சக்கரங்களின் தலை உள்ளே சாய்ந்து ரோட்டைப் பிடிக்கும். இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே மாற்றியமைப்பவர்கள் செய்யும் அதே வேலை.

ஸ்பிட்ஃபயருக்கும் ஹெரால்டுக்கும் என்ன உறவு என்பதை அதன்பிறகுதான் முழுதாகப் படித்தேன். ஹெரால்டு சேஸிஸைக் குட்டையாக்கி, மிக்கெலோட்டி இரண்டு பேர் உட்காரும் மாதிரி கார் ஒன்று செய்திருந்தார். பணமில்லாததால் அது ஆலை மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. 1961-இல் லேலண்டு நிறுவனம் ட்ரையம்பை எடுத்துக்கொண்டபோது, ஆலையைச் சுற்றிப்பார்த்தவர்கள் அதைக் கண்டு தயாரிக்கச் சொன்னார்கள். 1962-இல் வெளிவந்த ஸ்பிட்ஃபயர் 1980 வரை தயாரானது. முன் சக்கர அமைப்பு, ஸ்டியரிங், குறுக்குக் கமான் பட்டை எல்லாம் ஹெரால்டிலிருந்து வந்தவை. லோட்டஸ் எலானின் முன் சக்கரங்களைத் தாங்குவதும் ட்ரையம்பின் இதே குடும்பத்துப் பாகம்தான். நம் ஊரில் ஹெரால்டை டாக்டர் வண்டி என்றும் பூஞ்சை வண்டி என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் அதன் எலும்புகளின்மேல் நின்றன.

சித்தியிடம் கேட்டேன். எரிவதற்கு முன்பிருந்த மூர் மார்க்கெட்டிலிருந்து சித்தப்பா இங்கிலீஷ் மோட்டார் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு வருவாராம். சோழவரம் ரேஸ் என்றால் சாப்பாடு வேண்டாமாம். வெளிநாட்டு கார் வாங்க வழியில்லாத காலத்தில், கையிலிருந்த வண்டிக்குள் ஸ்பிட்ஃபயர் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எஃகுக் கட்டையின் போட்டோவைப் பெரியவரிடம் கொண்டுபோனேன். இதை மட்டும் கையில் வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். "படிச்சவன் செஞ்ச வேலை. ஆனா முன்னாடி எண்ணெய் விடறதை எவன்கிட்டயோ விட்டுட்டான்." அவருடைய தீர்ப்பு அவ்வளவுதான். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. அத்தையிடமும் இதைச் சொன்னேன். மறுத்துப் பேசவில்லை.

வீட்டில் ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். ட்ரன்னியனுக்குக் கியர் ஆயில் விடுங்கள், கிரீஸ் வேண்டாம். இன்றைக்கே பிரித்துப் பாருங்கள். உடலை சேஸிஸிலிருந்து தூக்குவதற்கு முன் கதவு வாய்களுக்குக் குறுக்குக் கம்பி வைத்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் கதவு மறுபடி பொருந்தாது. எதையும் அறுப்பதற்கு முன் போல்ட் எங்கே என்று தேடுங்கள். கழற்றியதைப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி, ஆர்சி புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள்.