அம்மாவும் நான்கு டயர்களும்

தம்பி புதுக் கார் வாங்கியபோது தன் பழைய காரை எனக்குக் கொடுத்தான். தோட்டப் பள்ளி வாத்தியாருக்கு ஜெர்மன் கார்! பிள்ளைகள் சுற்றி நின்று தொட்டுப் பார்த்தார்கள்.

அதிலிருந்தவை ரன்-பிளாட் டயர்கள். அவற்றின் பக்கச்சுவர் கெட்டியான ரப்பரால் ஆனது. காற்று முழுதும் போனாலும் டயர் படுத்துவிடாது. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தில் சுமார் 80 கிலோமீட்டர் ஓட்டிப் பட்டறையை அடைந்துவிடலாம். ஆனால், அந்தக் கெட்டித்தனமே உட்கார்ந்திருப்பவர் உடம்பைப் பதம் பார்த்துவிடும்.

மாதம் ஒருமுறை அம்மாவை இருதயச் சோதனைக்காகப் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்கு அழைத்துச் செல்கிறேன். 2021 முதல் பெரியில் கார்களை ஏற்றுவதில்லை, பாலம்தான் வழி. சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் அம்மாவின் முதுகில் இறங்கும். முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய முதுகு அது. "மாட்டு வண்டியே தேவலைடா" என்பார்.

டயர்கள் தேய்ந்ததும் விலை விசாரித்தேன். மீண்டும் ரன்-பிளாட் வாங்க என் சம்பளம் இடம் கொடுக்கவில்லை. இரண்டு வகையையும் கலந்து போடக்கூடாது என்பதால் நான்கையும் சாதாரண டயர்களாக மாற்றினேன். பட்டறைக்காரர் பின்பெட்டியைத் திறந்து காட்டினார்.

"பாருங்க சார், இதுல மாற்று டயரே கிடையாது. காற்றடிக்கிற சின்ன மிஷினும் ஓட்டை அடைக்கிற மருந்தும் வாங்கி வச்சுக்குங்க."

"அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றேன்.

முதல் பயணத்தில் பாலத்தைக் கடப்பதற்குள் அம்மா தூங்கிவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் மாதம், பிறை அருகே ஆணி குத்தியது. டயர் தரையோடு படுத்துவிட்டது. நண்பர் வந்து சேர ஒன்றரை மணி நேரமாயிற்று. அதுவரை அம்மா சாலையோரத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். மருத்துவரைப் பார்க்கும் நேரமும் தவறியது. அம்மா கோபிக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்:

"கத்தியத் தீட்டாம எந்த நாளாவது நான் மரத்துக்குப் போயிருக்கேனா?"

அன்று மாலையே மிஷினையும் மருந்தையும் வாங்கினேன். அந்த மருந்து தரையில் படும் பகுதியிலுள்ள சிறு ஓட்டையைத்தான் அடைக்கும்; பக்கச்சுவர் கிழிந்தால் உதவாது. அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு. ஆகவே இழுவை வண்டிக்காரரின் எண்ணையும் எழுதி வைத்திருக்கிறேன். சனிக்கிழமைதோறும் காற்றைச் சோதிக்கிறேன்.

மாற்றியது தவறென்று நான் நினைக்கவில்லை. பழைய டயர் தந்த பாதுகாப்புக்கு ஈடாக ஒன்றைச் செய்யாமல் விட்டதே தவறு.

இப்போதெல்லாம் காரில் ஏறுமுன் அம்மா கேட்பது ஒரே கேள்விதான்: "மிஷின் இருக்காடா?"