ஹவில்தாரும் சார்ஜண்டும்

நம் பங்கில் பென்ஷன் பெறும் முன்னாள் படைவீரர் பதினொருவர் உளர். அவருள் இருவர் நிழற்படம் எடுப்பதில் தணியாத வேட்கை கொண்டோர். ஒருவர் மதராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்தவர். 1971-ஆம் ஆண்டுப் போரைக் கண்டவர். மற்றவர் விமானப்படையில் சார்ஜண்டாகப் பணியாற்றியவர். அவர் விமானங்களைப் பழுது பார்த்தாரேயன்றி ஓட்டினாரில்லை என்பதை ஊராருக்கு நினைவூட்ட ஹவில்தார் ஒருபோதும் தவறுவதில்லை.

பங்குத் திருவிழாவில் கொடியேற்றம் முதல் தேர்ப்பவனி வரை இருவரும் படம் எடுப்பர். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஆளுக்கு மூன்று படங்கள் கோவில் வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையில் ஏறும். எது யாருடையது என்று எழுதுவதில்லை. சனங்கள் சொல்வதே தீர்ப்பு. தோற்றவர் பட்டாளத்தார் அனைவருக்கும் தேநீரும் வாழைக்காய் பஜ்ஜியும் வாங்கித் தரவேண்டும். தீர்ப்பில் நம்மையும் இழுக்க இருவரும் முயல்வர், நாம் நழுவிவிடுவோம். பங்குச் சாமியாருக்கு அவ்வளவு விவேகமாவது வேண்டாமா?

ஹவில்தார் கைபழகியது அக்ஃபா கிளிக் 3 என்னும் படப்பெட்டியில். பரோடாவில் செய்யப்பட்ட அது, அக்காலத்தில் எளிய குடும்பங்களுக்கும் எட்டிய பெட்டி. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். விடுமுறையில் ஊருக்கு வரும்போது அந்தப் பன்னிரண்டையும் தாய்க்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று, புதுநன்மை வாங்கும் பிள்ளைக்கு ஒன்று என எண்ணி எண்ணிச் செலவிடுவாராம். இப்போது வைத்திருப்பது டிஜிட்டல் கேமரா. ஆயிரம் எடுத்தாலும் காசில்லை. ஆயினும் ஒரு பவனிக்குப் பன்னிரண்டுக்கு மேல் அவர் எடுப்பதில்லை. சார்ஜண்டோ முந்நூறு எடுத்து, அவற்றுள் மூன்றைப் பொறுக்குவார். "தோட்டாவை வீணாக்கும் படை" என்பது ஹவில்தாரின் ஏச்சு.

1858-இல் மதுரை, தஞ்சைக் கோவில்களைப் பெரிய காகித நெகட்டிவ்களில் படம் பிடித்த லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர், மதராஸ் காலாட்படையின் கேப்டன் என்று பேச்சுவாக்கில் ஒருமுறை சொன்னோம். அன்றே நிழற்படக் கலை முழுவதும் காலாட்படையின் சொத்தாகிவிட்டது! "அசையாத கோபுரத்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், சாமி. ஓடுகிற தேரை எடுக்கச் சொல்லுங்கள்" என்று சார்ஜண்ட் மறுத்துரைத்தார்.

2022 திருவிழாவில்தான் மாற்றம் தெரிந்தது. ஹவில்தாரின் படங்களில் ஓரங்கள் எப்போதும் துப்புரவாக இருக்கும். அவ்வாண்டுப் படங்களிலோ ஓர் ஓரத்தில் பாதி மின்கம்பம், மறு ஓரத்தில் தலையற்ற குடை. சனங்கள் சார்ஜண்டுக்கே வெற்றி தந்தனர். வென்றவர் பஜ்ஜியைத் தொடவில்லை. நேரே நம் அறைக்கு வந்து, "சாமி, அந்த ஆளுக்கு ஓரம் தெரியவில்லை. நான் சொன்னால் சண்டைக்கு வருவார். நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

நாம் சொன்னோம், நம்மோடும் சண்டைக்கே வந்தார். முடிவில் அவரை மதுரைக்கு அழைத்துச் சென்று கண் மருத்துவரிடம் காட்டியவர் சார்ஜண்டே. கிளாக்கோமா என்றனர். பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய். பெரும்பாலும் நோவின்றி, ஓரப் பார்வையை முதலில் தின்னத் தொடங்கும். இழந்தது மீளாது, எஞ்சியதைச் சொட்டு மருந்து முதலியவற்றால் காக்க முயலலாம். நாற்பதைக் கடந்த நம் வாசகர் கண்ணைச் சோதித்துக்கொள்வது நன்று. பேருந்தில் போக வர என்ன பேசினீர்கள் என்று சார்ஜண்டைக் கேட்டோம். "கேமராவைப் பற்றித்தான், சாமி. வேறென்ன பேச?" என்றார். பட்டாளத்தார் தம் அன்பை ஏச்சு மொழியிலன்றிச் சொல்ல அறியார் போலும்.

சொட்டு மருந்து நோயின் வேகத்தைக் குறைத்ததேயன்றி நிறுத்தவில்லை. சென்ற திருவிழாவில் ஹவில்தாருக்குத் தேரின் விளக்கொளி மட்டுமே மங்கலாகத் தெரிந்தது. சார்ஜண்ட் தம் கேமராவைத் தோளில் தொங்கவிட்டு அவர் பின்னே நின்றார். "இடப்பக்கம் ஒரு முழம்... போதும். தேர் நேரே வருகிறது... இப்போது!" அவர் விசையை அழுத்தினார். அன்றும் பன்னிரண்டே.

அவற்றுள் ஒன்றில் மிக்கேல் சம்மனசின் ஓர் இறக்கையும், அதன் கீழ் வாய் பிளந்து கொட்டாவி விடும் பீடச் சிறுவன் ஒருவனும் மட்டும் விழுந்திருந்தனர். பலகையின் முன் சனங்கள் சிரித்து மாளவில்லை, தீர்ப்பும் அதற்கே. சார்ஜண்ட் ஒத்துக்கொண்டாரில்லை. "இலக்குச் சொன்னவன் நான், படம் என்னுடையது."

"இலக்கைத் தவறாகச் சொன்னது விமானப்படை. சுட்டது காலாட்படை" என்றார் ஹவில்தார்.

பஜ்ஜிக் காசை யார் கொடுப்பது என்னும் வழக்கு இன்னும் நம் முன் நிலுவையில் உள்ளது.