தேக்கில் எழுந்த திருகோணமலை

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், ஹார்ட்டில்பூலில் ஒரு பழைய மரப் போர்க்கப்பல் மிதக்கிறது. பெயர் ‘ட்ரிங்கோமலி’. ஆங்கிலேயர் நாவில் திருகோணமலை அப்படித்தான் ஆயிற்று. 1782இல் அந்தத் துறைமுகத்துக்கு வெளியே பிரெஞ்சுக்காரரோடு நடந்த கடற்போரின் நினைவாக இட்ட பெயர் அது.

கப்பல் பிறந்தது பம்பாயில். நெப்போலியன் போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. மலபார்த் தேக்கும் பார்சி வாடியா குடும்பத்துக் கைவேலையும் பம்பாய்க்குப் பேர் வாங்கித் தந்திருந்தன. கட்டுமான வரைபடங்களை ஏற்றிவந்த ‘ஜாவா’ கப்பலை 1812 டிசம்பரில் அமெரிக்கர் நொறுக்கிவிட, இன்னொரு படி வரவேண்டியதாயிற்று. ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவின் மேற்பார்வையில் உருவான கப்பல் 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறங்கியது. அதற்குள் போர் முடிந்து இரண்டாண்டு ஆகியிருந்தது.

ஆகவே 1819இல் போர்ட்ஸ்மவுத் போய்ச் சேர்ந்ததும் பாய்மரங்களைக் கழற்றிக் கட்டிப்போட்டார்கள். சும்மா கிடந்தது இருபத்தைந்து ஆண்டுக்கு மேல். பிறகு 26 பீரங்கிகளுடன் சீரமைத்து, 1847 முதல் 1857 வரை வட அமெரிக்க, பசிபிக் கடல்களுக்கு அனுப்பினார்கள். இடையில் ஓய்வு போக, இரண்டே பயணங்கள். இருநூறாண்டு ஆயுளில் போர்க்கப்பலாக ஓடியது அவ்வளவுதான். தேக்கின் எண்ணெய்ப் பசை இரும்பாணியையும் மரத்தையும் காத்தது. ஓடாமல் கிடந்ததும் ஒருவகையில் காப்புத்தான்.

அடுத்து சந்தர்லாந்து, மேற்கு ஹார்ட்டில்பூல், சவுத்தாம்ப்டன் என்று துறை துறையாக நின்று மாலுமிப் பயிற்சிக்கூடமாக உழைத்தது. 1897இல் உடைப்பதற்கே விற்றுவிட்டார்கள். அதே ஆண்டு கடற்படைத் தளபதி நெல்சனின் பழைய கொடிக்கப்பலான ‘ஃபுத்ராயன்’ பிளாக்பூல் கரையில் மோதிச் சிதைந்தது. அதன் உரிமையாளர் வீட்லி காப், இழந்ததற்கு ஈடாக இந்த வெற்றுடலை வாங்கினார். செத்த கப்பலின் பெயரையே இதற்கும் சூட்டினார். ஃபால்மவுத்திலும் பின்னர் போர்ட்ஸ்மவுத்திலும் இது சிறுவர்களுக்குக் கடல்தொழில் கற்பித்தது. போர்ட்ஸ்மவுத்தில் அருகே நின்ற ‘இம்ப்ளாக்கபிள்’ டிராஃபல்கர் கடற்போர் கண்ட பிரெஞ்சுக் கப்பல். பராமரிக்கப் பணமில்லை என்று 1949 டிசம்பரில், பிரிட்டிஷ், பிரெஞ்சு இரு நாட்டுக் கொடிகளும் பறக்க, அதை வெடிவைத்துக் கடலில் மூழ்கடித்தார்கள். இரண்டில் புகழில்லாத கப்பலே தப்பியது.

1987இல் பெரிய மிதவைமேல் ஏற்றி ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்தார்கள். பத்தாண்டுக்கு மேல் நீண்ட பழுதுபார்ப்பு 2001இல் முடிந்தது. இன்று மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இதுவே மிகப் பழையது. ‘விக்டரி’ என்ற போர்க்கப்பல் இதைவிட மூத்ததென்றாலும் அது நிற்பது உலர்துறையில். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1992இல், இரவல் பெயரை எடுத்துவிட்டுப் பம்பாயில் இட்ட பெயரைத் திரும்ப எழுதினார்கள்.