கிளாவரையில் கேட்ட எதிரொலி

கொடைக்கானலைக் கண்டவர்கள் நம் வாசகக் குடும்பங்களில் பலர் இருப்பர். கிளாவரையைக் கண்டவர்கள் சிலரே இருப்பர். ஏரியையும் தூண் பாறையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது நம் வழக்கம். கடந்த கோடை விடுமுறையில் நாங்கள் அவ்வழக்கத்தை விடுத்து, குடும்பத்தோடு மேல்மலைப் பேருந்தில் ஏறினோம்.

பூம்பாறையில் படிப்படியாய் இறங்கும் வயல்களைக் கண்டோம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் மண் அது. அதைக் கடந்தால் மன்னவனூரின் பசும்புல்வெளியும் ஆட்டு மந்தைகளும்; பின்னர் கவுஞ்சி, பூண்டி. நாற்பது கிலோமீட்டருக்கும் மேல் வளைந்து வந்த சாலை கிளாவரையில் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் கேரளத்து வட்டவடைப் பக்கம் செல்லும் மலைவழிதான்.

வழியிலேயே என் கைப்பேசியின் கோடுகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. "அப்பா, இன்றைக்கு உங்களுக்கு விடுதலை!" என்று சிரித்தாள் மகள். காரணம் உண்டு. எங்கள் பங்கு ஆலயத்தில் ஒலிபெருக்கி, காமிரா, நேரலை ஆகிய அனைத்தும் என் பொறுப்பு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஆலயக் கதவுகள் மூடப்பட்டபோது, பங்குத்தந்தை கேட்டுக்கொண்டபடி ஏற்ற பணி அது. அம்மாதம் 27ஆம் நாள், மழையில் நனைந்து வெறிச்சோடிக் கிடந்த புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் அளித்த நற்கருணை ஆசீரை, நாம் வீட்டிலிருந்தபடியே கண்ணீருடன் பெற்றோம் அல்லவா?

திருச்சபைக்கு இப்பணி புதிதன்று. 1931 பிப்ரவரி 12 அன்று திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் வத்திக்கான் வானொலியைத் தொடங்கிவைத்தார். நிலையத்தை அமைத்துத் தந்தவர் மார்க்கோனி; முதல் இயக்குநராய் அமர்ந்தவர் இயற்பியல் அறிஞரான இயேசு சபைக் குரு ஜான்பிரான்செஸ்கி. அவர்கள் வரிசையில் நானும் ஒரு மூலையில் நிற்கிறேன் என்ற பெருமை எனக்கு இருந்தது. ஞாயிறுதோறும் நேரலையைப் பார்த்தோர் தொகையை எண்ணி மகிழ்வேன்.

அத்தொகையில் என் தாயாரும் ஒருவர். நாள் தவறாமல் திருப்பலிக்கு நடந்து சென்றவர், கதவுகள் திறந்த சில காலத்துக்குப் பின் மீண்டும் வீட்டிலேயே தங்கிவிட்டார். "கோவில்ல சாமியார் பேசுறது ரெண்டு ரெண்டா விழுதுப்பா, ஒண்ணும் புரியல" என்று ஒருமுறை சொன்னார். முதுமையின் குறை என்று நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

கிளாவரையில் சரிவின் மேல்வயலில் ஒரு முதியவர் நின்றிருந்தார். ஓடையிலிருந்து குழாய் வழியே நீர் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே, கடைசி வயலில் அவருடைய பேரன். "தண்ணி வந்துருச்சாய்யா?" என்று முதியவர் கூவினார். எதிர்மலை அதைத் திருப்பிக் கூவியது. சிறுவன் விளங்காமல் கையை விரித்தான். முதியவர் சற்றே பொறுத்து, "தண்ணி" என்றார். மலை ஓயும்வரை காத்திருந்து, "வந்துருச்சா" என்றார். உடனே கீழிருந்து விடை வந்தது.

வியப்போடு அவரைப் பார்த்தேன். "மலை சொல்லி முடிக்கட்டும் தம்பி. ரெண்டும் ஒண்ணாப் போனா அவனுக்கு எது விளங்கும்? கடைசி வயல் நனைஞ்சாத்தான் பாய்ச்சினதாக் கணக்கு" என்றார்.

எனக்குத் தாயாரின் சொல் நினைவுக்கு வந்தது. எங்கள் ஆலயம் நீளமானது. கடைசி வரிசைகளுக்காகப் பின்புறம் இரண்டு ஒலிபெருக்கிகளைப் புதிதாய் மாட்டியவன் நான்தான். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். பீடத்தருகே உள்ள ஒலிபெருக்கியின் குரல் 34 மீட்டர் கடந்து பின்வரிசையை அடைய நொடியில் பத்திலொரு பங்கு ஆகும். கம்பி வழியே செல்லும் குரலோ பின்புற ஒலிபெருக்கியில் அக்கணமே ஒலிக்கும். ஆகவே பின்னால் இருப்பவருக்கு ஒரே சொல் இருமுறை விழும். இளஞ்செவி சமாளித்துக்கொள்ளும்; முதிய செவியால் முடியாது. பின்புற ஒலியை அந்த அளவுக்குத் தாமதப்படுத்தினால் போதும்; கருவியிலேயே அதற்கு வசதி இருக்கிறது. இதையெல்லாம் அறிந்திருந்தும், திருப்பலி நேரத்தில் கடைசி வரிசையில் நான் ஒருநாளும் அமர்ந்ததில்லை. காதில் கேட்புக்கருவியை மாட்டிக்கொண்டு காமிராவின் அருகிலேயே இருந்துவிட்டேன்.

2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அகுதிஸ், நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் ஏற்றிய கணினிச் சிறுவர். 2006இல் பதினைந்து வயதில் மறைந்த அவர், நாள்தோறும் திருப்பலியில் பங்கேற்றவர் என்பதை நான் மறந்திருந்தேன்.

ஊர் திரும்பிய சனிக்கிழமை மாலை, வெற்று ஆலயத்தில் மகனை வாசிக்கச் சொல்லிக் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டேன். தாயார் சொன்னது மெய்தான். தூரத்தை அளந்து தாமதத்தைச் சரிசெய்தேன். மறுநாள் காமிராவை மகளிடம் ஒப்படைத்துவிட்டு, தாயாரை ஆட்டோவில் அழைத்துச் சென்று அவரருகில் அமர்ந்தேன். திரும்பும் வழியெல்லாம் அவர் அன்றைய மறையுரையையே எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

நோயுற்றோருக்கும் நடக்க இயலாதோருக்கும் நேரலை தேவை, அது தொடரட்டும். ஆயினும் உங்கள் ஆலயத்திலும் கருவிகளைக் கவனிக்கும் அன்பர் ஒருவர் இருப்பார். மாதம் ஒரு ஞாயிறேனும் அவரைக் கடைசி வரிசையில் அமரச் சொல்லுங்கள்.