தம்பியிடம் கேட்க மறந்த கேள்வி

என் தம்பிக்கு வயது 52. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவன். அவனுக்குக் கணக்குத் தெரியாது. ஆயினும் கரோல் பாக் சந்தையில் நல்ல வாழைக்காய் யாரிடம் கிடைக்கும் என்பதை என் மனைவியே அவனிடந்தான் கேட்பாள். அன்னையார் மறைந்தபின் அவனைத் தில்லிக்கு அழைத்துவந்து 11 ஆண்டுகள் ஆகின்றன.

சென்ற ஆண்டு கும்பகோணத்து வீட்டை விற்பதென்று உடன்பிறந்தோர் மூவரும் முடிவு செய்தோம். மூவர் என்று எழுதும்போதே பிழை தெரிகிறது, நாங்கள் நால்வர். "அவனுக்கு என்ன தெரியும், அண்ணா? அவனுக்கும் சேர்த்து நீங்களே கையெழுத்துப் போட்டுவிடுங்கள்" என்று தங்கை எழுதினாள். எனக்கும் அது இயல்பாகவே பட்டது. சோறும் மருந்தும் கொடுப்பவன் நான். கையொப்பம் மட்டும் வேறு யாருடையதாக இருக்கும்?

சங்கத்தில் பழகிய வழக்கறிஞர் நண்பரிடம் அதற்கான வழியைக் கேட்கச் சென்றேன். அவர் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு 13-ஆம் பிரிவை விளக்கினார். மாற்றுத்திறனாளி, வாழ்வின் எல்லாத் துறைகளிலும் பிறரோடு சமமான சட்டத் தகுதி உடையவர். அவருக்குத் துணை நிற்பவர் தம் செல்வாக்கை அவர்மேல் தகாத முறையில் செலுத்தலாகாது. சொத்து விவகாரம் ஒன்றில் இருவர் நலனும் முரண்பட்டால், துணை நிற்பவர் அதிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும்.

"உறவினர் என்ற ஒரே காரணத்தால் முரண் உண்டென்று சட்டம் கருதாது. ஆனால் அந்த வீட்டில் உங்களுக்கும் பங்குண்டே?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. காப்பாளரை நியமிக்க வழியே இல்லையா என்று கேட்டேன். உண்டு, 14-ஆம் பிரிவின்படி, இன்ன முடிவுக்கு, இவ்வளவு காலத்துக்கு என்ற வரம்போடு, அவனுடைய விருப்பத்தை ஒட்டியே காப்பாளர் நடக்க வேண்டும். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி நியமனம் பெறுவோர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், பின்னர் ஆண்டுதோறும் கணக்கும் தர வேண்டும்.

"விருப்பம் சொல்ல அவனுக்குத் தெரிய வேண்டாமா?" என்று வாதாடினேன். அவர் சண்டிகர் வழக்கைச் சொன்னார். அரசுக் காப்பகத்தில் இருந்த, இலேசான அறிவு வளர்ச்சிக் குறைவுடைய பெண் ஒருத்தி அங்கேயே வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்றாள். கருவைக் கலைக்கலாம் என்றது உயர் நீதிமன்றம். அவளோ குழந்தை வேண்டும் என்றாள். அவள் இசைவின்றிக் கலைக்கலாகாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காப்பகம் அவளைக் காத்த அழகு அது. கடைசியில் அவள் வாய்ச்சொல்லுக்கேனும் மதிப்புக் கிடைத்ததே.

அன்றிரவு உணவுக்குப்பின் தம்பியை அருகில் உட்காரவைத்து, வீட்டை விற்பதையும் அவனுக்கு வரும் பங்கையும் மெல்ல எடுத்துச் சொன்னேன். வெகுநேரம் பேசாதிருந்தான். பிறகு, "ஊஞ்சலையும் கொடுத்துடுவியா, அண்ணா?" என்றான். ஊஞ்சற்பலகையும் சங்கிலியும் விலையில் சேர்ந்திருந்தன என்பதை அப்போதுதான் நினைத்தேன். சற்றுப் பொறுத்து, "என் பணம் யார்கிட்ட இருக்கும்?" என்று கேட்டான்.

ஊஞ்சல் இப்போது விலையில் இல்லை. இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவன் நானல்லன் என்பதால், வீட்டில் பங்கில்லாத ஒருவரை அவனுக்குத் துணையாக அமர்த்தியிருக்கிறோம். விற்பனை அதுவரை நிற்கிறது. தங்கைக்கு இன்னும் கோபம் தணியவில்லை.