பன்னிரண்டு ஜிபியும் பால் கணக்கும்

வரைகலை அட்டை பற்றி எழுதப்போகிறோம் என்றதும் நண்பர்கள் சிரித்தார்கள். சிறுகதையும் மொழிபெயர்ப்பும் பேசுகிற இடத்தில் இதற்கென்ன வேலை என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆயினும் அக்காவும் தம்பியுமாகிய நாங்கள் கடந்த சில ஆண்டுகளில் மிகுதியாக வாசித்தவை நாவல்கள் அல்ல, இந்த அட்டைகளின் விவரக்குறிப்புகளே. காரணம் ஒரு வீடு.

கும்பகோணத்துக்கு அருகே எங்கள் தாய்வழித் தாத்தா கட்டிய ஓட்டு வீடு 2013இல் விற்கப்பட்டு, இடிக்கப்பட்டது. அதற்கு முந்தைய வாரம் நாங்கள் போய் வீடு முழுவதையும் படமெடுத்து வந்தோம். திண்ணைத் தூண்கள், முற்றம், கூடத்து ஊஞ்சல் வளையம், நிலைப்படியின் தேய்மானம் என எதையும் விடவில்லை. பிற்பாடு பிளெண்டர் என்னும் இலவச முப்பரிமாண மென்பொருளைத் தட்டுத்தடுமாறிக் கற்று, வீட்டைக் கணினிக்குள் மறுபடி எழுப்பத் தொடங்கினோம். அம்மாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. பார்வையும் மங்கி வருகிறது. காலம் கடத்த இயலாத வேலை.

எங்களிடம் இருந்தது ஜீஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 1060. 2016இல் வெளிவந்தது, 6 ஜிபி நினைவகம், 1280 கணக்கீட்டு அலகுகள், 120 வாட் மின்சாரம். நல்ல உழைப்பாளி. எனினும் கூடத்தின் ஒரு காட்சியைத் தீட்டி முடிக்க நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டது. அதையாவது பொறுத்துக்கொண்டோம். சமையலறைக்கு வந்தபோதுதான் நினைவகம் போதவில்லை என்று சொல்லிவிட்டு வேலையை நிறுத்தியது.

இதன் கணக்கு எளிது. 4096க்கு 4096 புள்ளிகள் கொண்ட ஒரு வண்ணப்படம் வட்டில் ஐந்தாறு எம்பி இடத்தில் சுருண்டு கிடக்கும். அட்டைக்குள் விரிக்கும்போது ஒரு புள்ளிக்கு நான்கு பைட்டுகள் வீதம் 64 எம்பி ஆகிவிடும். எங்கள் சுவர்களுக்கும் கதவுகளுக்கும் அப்படி நூற்றுப் பத்துப் படங்கள். ஆக அவை மட்டுமே ஏறத்தாழ 7 ஜிபி. கூரையின் ஆயிரக்கணக்கான நாட்டு ஓடுகள் பற்றிக் கவலையில்லை. ஒரே ஓட்டின் நகல்கள் என்பதால் ஒன்றுக்கான இடமே போதும். சுவர்கள் அப்படியல்ல. ஒரு சுவரைப் போல் இன்னொன்று இல்லை.

படங்களின் அகல நீளங்களைப் பாதியாக்கினால் தேவை கால்பங்காகும். செய்து பார்த்தோம். வேலை நடந்தது. ஆனால் சமையலறைக் கதவுக்குப் பின்னால், சுண்ணாம்பு மட்டை எட்டாத மூலையில், பாட்டி கரியால் கிழித்துவைத்த பால் கணக்கு அழிந்துபோயிற்று. கோடுகள் ஒன்றோடொன்று கலந்து வெறும் அழுக்காகத் தெரிந்தன. வீட்டைக் கட்டுவதே அதற்காகத்தான் என்று அப்போது எங்களுக்குத் தோன்றியது.

புதிய அட்டைக்கான ஆசை 2021லேயே இருந்தது. அப்போது கிரிப்டோ நாணயம் அகழ்பவர்கள் அட்டைகளை அள்ளிக்கொண்டு போனதில் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. 2022 செப்டம்பரில் எதீரியம் அம்முறையைக் கைவிட்ட பின்னர் சந்தை தெளிந்தது. 2024இல் ரிச்சி தெருவுக்குப் போனோம். ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு அட்டைகள். ஒன்று 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060, மற்றது 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060.

"எதுக்கு மேடம் பழசு? புதுசு வேகம், கரண்டும் கம்மி" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் பொய்யில்லை.

ஆனால் தாளில் பார்த்தால் புதியது இளைத்துப்போனதாகவே தெரியும். பழையதில் 3584 அலகுகள், புதியதில் 3072. நினைவகம் அங்கே 12 ஜிபி, இங்கே 8. நினைவகத்துக்குச் செல்லும் பாதையின் அகலம் 192 பிட்டிலிருந்து 128 ஆகச் சுருங்கியதால் நொடிக்கு 360 ஜிபி கடந்த இடத்தில் 272தான் கடக்கிறது. அப்படியிருந்தும் விளையாட்டுகளில் புதியதே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடியது! கடிகார வேகம் 1777 மெகாஹெர்ட்ஸிலிருந்து 2460 ஆக உயர்ந்ததும், சில்லுக்குள்ளேயே இருக்கும் இடைநினைவகம் 3 எம்பியிலிருந்து 24 ஆகப் பெருகியதும் காரணங்கள். அடுக்களையில் பெரிய தவலை இருந்தால் கிணற்றடிக்கு அடிக்கடி நடக்க வேண்டியதில்லை அல்லவா, அதுபோல. மின்சாரமும் 170 வாட்டிலிருந்து 115 ஆகக் குறைந்துவிட்டது.

அலகுகளின் எண்ணிக்கையையும் அப்படியே நம்புவதற்கில்லை. 1060இன் 1280ஐயும் 3060இன் 3584ஐயும் பக்கத்தில் வைத்து ஏறத்தாழ மூன்று மடங்கு என்பது தவறு. பின்னதில் பாதி அலகுகள் தசமக் கணக்கையும் முழு எண் கணக்கையும் மாறிமாறிச் செய்பவை. ஒன்றைச் செய்கையில் மற்றதைச் செய்யா. மறுபுறம், ஒளிக்கதிர் எங்கே மோதுகிறது என்று கணிக்கும் தனிப் பகுதி 1060இல் அறவே இல்லை, 3060இல் உண்டு. எங்கள் வேலைக்கு உயிர்நாடியே அதுதான்.

பெயரையாவது நம்பலாமா? அதுவும் இல்லை. 3060 என்ற அதே பெயரில் 2022இல் 8 ஜிபியும் 128 பிட் பாதையுமாக ஒன்றை விட்டார்கள். 1060இலும் 3 ஜிபி வகைக்கு 1152 அலகுகள்தாம். பெட்டியின் முகப்பில் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், வேறுபாடு சிற்றெழுத்தில். இதைக் கயமை என்றே சொல்வோம். பெட்டியை மூன்று முறை திருப்பிப் பார்த்த எங்களைக் கடைப்பையன் விநோதமாகப் பார்த்தான்.

பழையதையே வாங்கினோம், 12 ஜிபி. வேகம் குறைந்தால் காத்திருக்கலாம். இடம் குறைந்தால் பால் கணக்கு போய்விடும். வீடு திரும்பும் வழியெல்லாம் தம்பிக்கு ஐயம் தீரவில்லை. விளையாட்டுப் பிரியர் ஒருவர் எங்கள் இடத்தில் இருந்திருந்தால் 4060ஐ வாங்கியிருப்பார், அவருக்கு அது சரியே.

நாற்பது நிமிடக் கூடத்துக் காட்சி ஏழு நிமிடத்துக்குள் முடிந்தது. பிறகு முழு அளவுப் படங்களுடன் சமையலறை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். நினைவகப் பயன்பாடு 9 ஜிபியைத் தாண்டி நின்றது, வேலை நிற்கவில்லை.

பழைய 1060ஐ மாமா பையனுக்குக் கொடுத்தோம். 2025 அக்டோபருடன் அதற்கான வழக்கமான இயக்கி மென்பொருளை என்விடியா நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை வரும் என்று அறிவித்திருக்கிறது. அட்டையில் ஒரு பழுதும் இல்லை. இன்றும் அவன் கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அம்மாவைத் திரைக்கு முன் அமர்த்திக் கதவுக்குப் பின்னால் அழைத்துப்போனோம். கூடத்தையும் ஊஞ்சலையும் கண்டு ஒன்றும் சொல்லாதிருந்தவர், கரிக்கோடுகளைக் கண்டதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். விரலைத் திரையில் வைத்து எண்ணினார். பிறகு, "இங்கே ரெண்டு கோடு விட்டுப்போயிருக்கு பாரு. அந்த ரெண்டு நாளும் மாடு கறக்கலை" என்றார்.