மாலையைக் கழற்றிய பிறகு

கார்த்திகை பிறந்து மாலை போட்டால் குடி தானாக நின்றுவிடும் என்பது எங்கள் தடாகம் பக்கத்து நம்பிக்கை. செங்கல் சூளையில் நான் கணக்கு எழுதிய காலத்தில், சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது ஆளுக்கொரு புத்திமதியையும் சேர்த்துக் கொடுப்பேன். கூலிக்குக் கையெழுத்து வாங்கினேன். புத்திமதிக்கு யாரும் கையெழுத்துப் போட்டதில்லை.

ஆனைகட்டிப் பக்கத்துப் பழங்குடிப் பதி ஒன்றிலிருந்து கல் அறுக்க வந்தவர் ஒரு இருளர். வேலையில் கெட்டிக்காரர், குடியிலும் குறைச்சலில்லை. ஒரு கார்த்திகையில் மாலை போட்டார். முதல் நாள் கை நடுங்கியது. அடுத்த நாள் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள், சுவரில் இல்லாத பூச்சியைத் தட்டிக்கொண்டு, யாரோ கூப்பிடுவதாகச் சொல்ல ஆரம்பித்தார். சாமி வந்திருக்கிறது என்றார்கள் சிலர்; காத்து கருப்பு என்றார்கள் சிலர். நான் இரண்டு கட்சிக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த வழியாக வந்த கிராம சுகாதார நர்ஸம்மா எட்டிப் பார்த்தார். "ஏனுங்கண்ணா, தெனமும் குடிச்ச ஒடம்பு. சட்டுனு நிறுத்துனா இப்பிடித்தான் ஆகும். வலிப்பு வந்துருச்சுன்னா உசுருக்கே ஆபத்துங்க. மொதல்ல ஒரு வண்டி பாருங்க" என்றார். சூளை டெம்போவிலேயே கோவை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

பல வருடம் நாள் தவறாமல் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதையொட்டி புத்தியும் தடுமாறலாம். நடுக்கத்தை அடக்க மருந்தும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். வைராக்கியம் எல்லாம் அப்புறம்தான். டாக்டர் இதை விளக்கியபோது, படிப்பாளி என்று சூளையில் பெயர் வாங்கியிருந்த நான் வாயைத் திறக்கவில்லை.

ஆள் தேறினார், மலைக்கும் போய்வந்தார். மாலையைக் கழற்றினார், தைப்பொங்கலுக்குள் மறுபடி குடித்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நர்ஸம்மாவுக்கு வரவில்லை. "சர்க்கர கூடுனா திட்டியா அனுப்பறோம்? மறுக்காவும் மாத்தர குடுக்கறமல்லங்க?" என்றார். கர்ப்பிணிகளைப் பார்க்கப் பதிக்குப் போகும்போதெல்லாம் அந்த வீட்டு வாசலிலும் நிற்பார். குடித்தாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை. "ராத்திரி தூங்குனீங்களா?" என்பார். அதையே அந்த ஆளின் சம்சாரத்திடமும் கேட்பார். அந்தப் பெண் சரியாகத் தூங்கி எத்தனை காலம் ஆயிற்றென்று அதுவரை யாரும் விசாரித்ததில்லை. டவுனுக்குப் போய் மருந்து வாங்கிவர ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருகிறவர் கூலியும் போகும். அந்தச் செலவை மிச்சம் பிடித்துத் தந்ததும் நர்ஸம்மாவின் நடைதான். விழுந்தும் எழுந்தும் ஒருவழியாக அந்த ஆள் நிலைத்தார்.

ஆனைகட்டியைத் தாண்டினால் கேரளத்து அட்டப்பாடி. இருளரும் முடுகரும் குறும்பரும் வாழும் அந்த மலையில் தொண்ணூறுகளின் நடுவிலிருந்து மதுவிலக்கு. ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் நம் டாஸ்மாக் கடை இருந்தது. 2016-இல் அட்டப்பாடியின் தாய்க்குல சங்கத்துப் பெண்கள் திரண்டுவந்து போராடி அதை மூடவைத்தார்கள். பெரிய காரியம்தான். ஆனால் கடையை மூடுவதோடு பாதி வேலைதான் முடிகிறது. மூடிய மூன்றாம் நாள் நடுங்கும் கைக்கு என்ன வழி? கோட்டத்தறையில் இருக்கும் அரசு பழங்குடியினர் மருத்துவமனையில் கேரள அரசின் 'விமுக்தி' போதை மீட்பு மையம் வந்தது அந்த மீதிப் பாதிக்குத்தான். அதே அட்டப்பாடியின் முக்காலியில் 2018-இல், மனநலம் பாதித்துக் காட்டுக்குகையில் ஒண்டி வாழ்ந்த பழங்குடி இளைஞர் ஒருவரை, அரிசி திருடினார் என்று அடித்தே கொன்றார்கள். அவருக்கு வைத்தியம் எட்டியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டில் குடிநோய்க்குச் சிகிச்சை வேண்டிய 100 பேரில் 86 பேருக்கு அது கிடைப்பதில்லை. மலைப் பதியிலும் தூய்மைப் பணியாளர் குடியிருப்பிலும் நிலைமை இதைவிட நன்றாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணமில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மதுவாலும் போதையாலும் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய்க் கணக்கில் வைத்து, அரசு செலவில் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியிருக்கிறது. மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் கூப்பிட்டுப் பேசலாம். 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரையை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. அதே கால்கள் அதே வாசலில் இன்னும் கொஞ்ச நேரம் நின்று தூக்கத்தையும் மனசையும் விசாரித்தால் போதும், பாதி தூரம் கடந்த மாதிரி.

வயசானவன் சொல்ல ஒன்றுதான் உண்டு. உங்கள் வீட்டில் தினமும் குடிக்கிறவர் இருந்தால், சத்தியம் வாங்குவதற்கு முன்னால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நிறுத்திய பிறகு மறுபடி குடித்தால் மறுபடியும் கூட்டிப் போங்கள். முதல் தடவை கூடவர ஊரே இருக்கும்; இரண்டாம் தடவைதான் ஆள் கிடைப்பதில்லை.